வெளி ஏபிஐ இணைப்பைச் சோதிப்பது எப்படி: லைவுக்குப் போகும் முன், வரிசையாக

வேலூர் காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கிற லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் தளம் செய்து கொடுப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. வைத்தியத்துக்காக மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். தளத்தில் பாதி வேலையை எங்கள் கோடு, அதாவது நாங்கள் எழுதும் புரோகிராம், செய்கிறது. மீதியைச் செய்வது அடுத்தவர் சர்வர்கள்: பணம் வாங்க ஒன்று, எஸ்எம்எஸ் அனுப்ப ஒன்று, முகவரி பார்க்க ஒன்று. அந்த சர்வர்களோடு நம் கோடு பேசும் வழிதான் ஏபிஐ.

பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரிகளில் இருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இந்த இணைப்புகளில் ஒன்றைக் கொடுத்தால், இரண்டு நாளில் "முடிஞ்சிடுச்சுண்ணா" என்று வந்து நிற்பார்கள். அந்தக் கம்பெனி தரும் சோதனைக் களமான சாண்ட்பாக்ஸில் பணம் போனது, பச்சை எழுத்தில் 'சக்சஸ்' வந்தது. அதுவரை அவர்கள் சோதித்தது அடுத்த கம்பெனியின் சர்வரை. நம்முடையதை இன்னும் தொடவே இல்லை.

கீழே உள்ளது நாங்கள் இப்போது பின்பற்றும் வரிசை. ரீஃபண்டில் ஒருமுறை சூடு பட்ட பிறகு அமைந்த வரிசை என்பதால், தோல்விகள் முன்னால் வரும், வெற்றி பின்னால் வரும்.

1. ஒரு தாள், மூன்று கேள்வி

கோடு எழுதும் முன், ஒவ்வொரு வெளிச் சேவைக்கும் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். நாம் என்ன கேட்கிறோம்? அது என்ன திருப்பித் தருகிறது? அது பதிலே சொல்லாமல் இருந்தால் நம் தளம் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு புரோகிராமர் விடை எழுதக் கூடாது. அது தொழில் நடத்துகிறவரின் முடிவு. எங்கள் தளத்தில் ஒரு ரூமைப் பணம் வரும்வரை 10 நிமிடம் பிடித்து வைப்போம். பணம் வந்த தகவல் 14-வது நிமிடம் வந்து, அதற்குள் அந்த ரூம் வேறொருவருக்குப் போயிருந்தால்? நான் தானாக ரீஃபண்ட் ஆகும்படி எழுதி வைத்திருந்தேன். லாட்ஜ்காரர் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். "ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள ராத்திரில ரோட்ல நிக்க வெக்க முடியுமா தம்பி? பக்கத்து லாட்ஜ்ல நான் பேசிக்கறேன். எனக்கு போன் வர்ற மாதிரி மட்டும் பண்ணு." அந்த ஒரு வரியால் ஒரு சோதனையே மாறிப்போனது.

2. கையில் இருக்க வேண்டியவை

நாம் யார் என்று சேவைக்குக் காட்டும் ரகசியச் சரம்தான் சாவி. சோதனைச் சாவி, லைவ் சாவி இரண்டும் தனித்தனியாக, கோடுக்கு வெளியே, சூழல் மாறிகளில் இருக்க வேண்டும். கோடின் எல்லாப் பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கிட்டில் சாவி ஏறிவிட்டால் அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் இருந்துகொண்டே இருக்கும். புதுச் சாவி வாங்கிப் பழையதைச் செல்லாததாக்குவதுதான் வழி.

ஏதாவது நடந்ததும் எதிர்ப்பக்கம் தானாக நம் சர்வருக்கு அனுப்பும் தகவல்தான் வெப்ஹூக். அது உங்கள் லேப்டாப்புக்கு வர வேண்டுமானால், வெளியில் இருந்து எட்டக்கூடிய ஒரு முகவரி வேண்டும். என்ஜிராக் மாதிரி ஒரு டனல் போதும்.

எஸ்எம்எஸ் இருந்தால் முதல் நாளே, நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பத் தேவைப்படும் டிஎல்டி பதிவைத் தொடங்கிவிடுங்கள். தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, அனுப்புகிற நிறுவனம், அனுப்புநர் பெயராகத் தெரியும் தலைப்பு, செய்தியின் வார்ப்பு மூன்றும் பதிவாகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் செய்திக்குள் வரும் லிங்க்கையும் பதிய வேண்டும். கோடு இரண்டு நாளில் முடியும், ஒப்புதல் உங்கள் அவசரத்துக்கு வராது.

இன்னொன்று, ஐபி அனுமதி. சில சேவைகள் பதிவு செய்த ஐபியில் இருந்து மட்டுமே கூப்பிட விடும். ஆபீஸ் பிராட்பேண்டில் ஓடியது சர்வரில் 403 (அனுமதி இல்லை) கொடுத்தால் முதலில் இதைப் பாருங்கள். கோடில் தவறு தேடி ஒரு மதியத்தை வீணாக்கியவர்கள் எங்களில் இரண்டு பேர்.

3. முதலில் கையால் கூப்பிட்டுப் பாருங்கள்

ஏபிஐயைக் கையால் கூப்பிட உதவும் போஸ்ட்மேனிலோ கர்லிலோ ஒவ்வொரு அழைப்பையும் கையால் செய்யுங்கள். நம் கோடு நடுவில் இல்லாதபோது ஏபிஐ எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால்தான், பின்னால் தகராறு வரும்போது தவறு யார் பக்கம் என்று சொல்ல முடியும்.

சரியான அழைப்போடு நிறுத்தாதீர்கள். தப்பான சாவி, விடுபட்ட புலம், இல்லாத ஆர்டர் எண், பூஜ்யம் ரூபாய் எல்லாவற்றையும் அனுப்புங்கள். வந்த பதிலை, அதன் தலையில் வரும் கூடுதல் விவரமான ஹெட்டரோடு, அப்படியே ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். ஐந்தாவது படிக்கு அதுதான் மூலப்பொருள்.

ஆவணத்தில் இருப்பதும் நிஜத்தில் வருவதும் பல சமயம் ஒன்றாக இருக்காது. ஆவணத்தில் எண் என்றிருக்கும், மேற்கோள் குறிக்குள் சரமாக வரும். பட்டியல் என்றிருக்கும், ஒரே ஒரு பொருள் இருந்தால் பட்டியலாக இல்லாமல் தனியாக வரும். எல்லாவற்றையும்விட எரிச்சலானது, 200 (வெற்றி) என்று ஸ்டேட்டஸ் எண் கொடுத்துவிட்டு, தரவு வரும் ஜேசான் வடிவ உடலுக்குள் 'தோல்வி' என்று எழுதி அனுப்புவது. ஸ்டேட்டஸை மட்டும் பார்க்கும் கோடு அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும்.

4. வெளியே போக ஒரே வாசல்

ஒவ்வொரு சேவைக்கும் ஒரே ஒரு ஃபைல். அந்த ஃபைலைத் தவிர வேறு யாரும் அந்தச் சேவையை நேராகக் கூப்பிடக் கூடாது. வாசல் ஒன்றாக இருந்தால்தான் சோதனையின்போது அங்கே போலியை நிறுத்த முடியும், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பான டைம்அவுட்டையும், நடந்ததைப் பதியும் லாகையும் ஒரே இடத்தில் வைக்க முடியும்.

இந்த வாசலிலேயே டைம்அவுட் எழுதிவிடுங்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ், ஜாவாஸ்கிரிப்டின் ஆக்ஸியாஸ் லைப்ரரிகள் இரண்டும் நீங்கள் சொல்லாவிட்டால் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் தொங்கினால் நம் சர்வரும் சேர்ந்து தொங்கும். இணைப்புக்கு 3 நொடி, பதிலுக்கு 15 நொடி என்று நாங்கள் தொடங்குவோம், அப்புறம் லாகைப் பார்த்து மாற்றுவோம்.

லாகில் சாவி, ஓடிபி, முழு போன் நம்பர் எதுவும் விழக் கூடாது. இதற்கும் ஒரு சோதனை எழுதலாம்: ஒரு அழைப்பு ஓட்டி, லாக் ஃபைலில் அந்தச் சாவியைத் தேடுங்கள். கிடைத்தால் சோதனை தோல்வி.

5. போலி சர்வர், நிஜப் பதில்களோடு

வயர்மாக் மாதிரி ஒரு கருவியில், மூன்றாவது படியில் சேமித்த பதில்களை வைத்து ஒரு போலி சர்வர் ஓட்டுங்கள். நிஜ சாண்ட்பாக்ஸை ஒவ்வொரு கமிட்டுக்கும் கூப்பிட்டால் மெதுவாகும், வரம்பு தாண்டி 429 வரும், அவர்கள் பக்கம் பராமரிப்பு நடக்கும் நாளில் நம் சோதனை எல்லாம் சிவப்பாகும்.

புதியவர்கள் செய்யும் தவறு, ஆவணத்தைப் படித்துவிட்டுத் தாங்களே கற்பனையாகப் பதில் எழுதுவது. அப்போது கோடும் போலியும் ஒரே ஆளின் ஒரே தப்பெண்ணத்தில் பிறந்தவை. இரண்டும் ஒன்றை ஒன்று ஆமாம் போடும்.

6. தோல்விகளை முதலில் ஓட்டுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். 401 (சாவி செல்லவில்லை) வந்தால் திரும்பத் திரும்ப முயலக் கூடாது, எங்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும். 400, 422 வந்தால் தவறு நம் தரவில், மறுமுயற்சி வீண். 429 வந்தால் எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்று ரிட்ரை-ஆஃப்டர் ஹெட்டர் சொன்னால் அதைக் கேளுங்கள், சொல்லாவிட்டால் 1, 2, 4 நொடி என்று இரட்டித்துப் போங்கள். எதிர்ப்பக்க சர்வரில் கோளாறு என்று 502, 503 வரும்போது ஜேசானுக்குப் பதில் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் வரலாம். அதை ஜேசானாகப் பிரிக்கப் போய் நம் கோடே விழுகிறதா என்று பாருங்கள். பாதியில் அறுந்த ஜேசானையும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

இனி கடினமானது. ஒரு விருந்தினர் மூன்று நாளுக்கு, நாளுக்கு 900 வீதம் 2,700 ரூபாய் கட்டியிருந்தார். இரண்டு நாளில் கிளம்பிவிட்டார். ஒரு நாள் பணத்தைத் திருப்ப வேண்டும். நம் சர்வர் 900 ரூபாய் ரீஃபண்ட் கேட்டது. பதில் வரவில்லை, டைம்அவுட். கோடு ஒழுங்காக மறுமுயற்சி செய்தது, 'சக்சஸ்' வந்தது. மறுநாள் லாட்ஜ்காரர் போன்: "இன்னா தம்பி, தொள்ளாயிரம் திருப்பச் சொன்னா ஆயிரத்து எட்நூறு போயிருக்கு?"

முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறது, பணமும் திரும்பியிருக்கிறது. பதில் மட்டும் வழியில் தொலைந்தது. இரண்டாவதைத் தடுக்க, பணம் வாங்கும் சேவையான கேட்வேக்கும் காரணம் இல்லை: மொத்தம் 2,700-க்குள்தான் இருந்தது. முழுப் பணத்தையும் திருப்பியிருந்தால் 'ஏற்கெனவே திருப்பியாயிற்று' என்று இரண்டாவது அழைப்பு நின்றிருக்கும். ஒரு பகுதிப் பணம் என்பதால் தாராளமாகப் போய்விட்டது. கேட்வேயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தவறு எங்கள் கோடில்.

எங்களிடம் டைம்அவுட் சோதனை இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் எங்கள் போலி சர்வர் கோரிக்கையை வாங்கி, எதுவும் செய்யாமல், சும்மா தூங்கியது. 'போய்ச் சேரவில்லை' என்ற நிலையை மட்டும் நடித்தது. நடிக்க வேண்டியது இன்னொரு நிலை: போலி சர்வர் வேலையைச் செய்து, கணக்கில் எழுதி, அதற்குப் பிறகு 35 நொடி தூங்க வேண்டும். நம் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பதில் வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் டேட்டாபேஸில் இரண்டு நிலை போதாது, மூன்று வேண்டும்: ஆயிற்று, ஆகவில்லை, தெரியவில்லை. டைம்அவுட் வந்தால் 'தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, நம் குறிப்பு எண்ணைக் கொடுத்து 'இது நடந்ததா?' என்று முதலில் கேளுங்கள். நடக்கவில்லை என்று உறுதியானால் மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

சேவை ஐடெம்போடென்சி சாவியை ஏற்குமானால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஒரே சாவியோடு இரண்டு முறை போனால் இரண்டாவதைப் புது வேலையாக எடுக்காது. இதிலும் ஒரு குழி உண்டு. புதியவர்கள் அந்தச் சாவியை மறுமுயற்சி லூப்புக்குள்ளேயே உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி போகும், பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது. சாவியை அழைப்புக்கு முன்பே உருவாக்கி, டேட்டாபேஸில் எழுதி, அங்கிருந்து எடுத்து அனுப்புங்கள். சோதனையில் கேட்க வேண்டிய கேள்வி இது: போலி சர்வருக்கு வந்த இரண்டு கோரிக்கைகளிலும் சாவி ஒன்றுதானா?

இதே போல, காட்பாடி பிளாட்பாரத்தில் சிக்னல் இல்லாமல் 'பணம் கட்டு' பட்டனை மூன்று முறை தட்டுகிறவரையும் நடித்துப் பாருங்கள். இரண்டு டேபில் ஒரே புக்கிங்கைத் திறந்து இரண்டிலும் அழுத்துங்கள். ஆர்டர் ஒன்றுதான் உருவாக வேண்டும்.

7. வெப்ஹூக்: தாமதமாக, இரட்டையாக, தலைகீழாக

யூபிஐயில் பணம் கட்டுகிறவர் பிரவுசரை விட்டு வேறு ஆப்புக்குப் போகிறார். பணம் போன சத்தம் கேட்டதும் போனைப் பையில் போட்டுவிடுவார். பிரவுசர் திரும்பி வந்தால்தான் புக்கிங் உறுதி என்று எழுதியிருந்தால், பணம் போயிருக்கும், ரூம் இருக்காது. எனவே முதல் சோதனை: பணம் கட்டிய கையோடு டேபை மூடுங்கள். வெப்ஹூக் மட்டும் வந்து புக்கிங் உறுதியாக வேண்டும்.

கேட்வேக்கும் வங்கிக்கும் நடுவில் மாட்டிய பணம் தானாகத் திரும்பும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கடைக்காரருக்குப் போன யூபிஐ பணம் உறுதியாகாவிட்டால் திரும்ப 5 நாள் வரை ஆகலாம். வைத்தியத்துக்கு எண்ணி எடுத்து வந்த பணத்தில் 5 நாள் என்பது பெரிய விஷயம்.

அடுத்து கையொப்பம். ரேஸர்பே உட்படப் பல சேவைகள், அனுப்பியது தாங்கள்தான் என்று காட்ட, வெப்ஹூக் உடலின் மேல் ஹெச்மேக், ஷா-256 என்ற ரகசியக் கணக்கு முறையில் கையொப்பம் போட்டு ஹெட்டரில் அனுப்பும். நாமும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். வந்த உடலை வந்தபடியே, ஒரு பைட் மாறாமல் எடுத்துக் கணக்கிடுங்கள். ஃபிரேம்வொர்க் பிரித்துக் கொடுத்த ஜேசானை மறுபடி சரமாக்கிக் கணக்கிட்டால் சில சமயம் பொருந்தும், சில சமயம் பொருந்தாது. எங்கள் சோதனைப் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருந்ததால் எல்லாம் பச்சை. வங்க எழுத்தில் பெயர் எழுதிய முதல் விருந்தினருக்குக் கையொப்பம் பொய்த்தது. மறுபடி சரமாக்கும்போது அந்த எழுத்துகள் யூனிகோட் எண்களாக மாறிவிட்டன. அன்றிலிருந்து எங்கள் சோதனைப் பெயர்களில் ஒன்று தமிழில், ஒன்று வங்காளியில்.

இனி, சேமித்து வைத்த வெப்ஹூக்குகளை நீங்களே அனுப்பிப் பாருங்கள். ஒரே வெப்ஹூக்கை இரண்டு முறை அனுப்பினால் எஸ்எம்எஸ் ஒன்றுதான் போக வேண்டும். 'பணம் பிடித்தாயிற்று' முதலிலும் 'அனுமதி கிடைத்தது' பின்னாலும் வந்தால் புக்கிங் பின்னோக்கிப் போகக் கூடாது. இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் முதல் தாளில் லாட்ஜ்காரர் சொன்னபடி நடக்க வேண்டும். கையொப்பம் தப்பாக இருந்தால் நிராகரிக்க வேண்டும்.

வெப்ஹூக் கிடைத்ததும் சேமித்துவிட்டு உடனே 200 சொல்லுங்கள், எஸ்எம்எஸ், பில் எல்லாம் பிறகு. நாம் தாமதித்தால் எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். நாமே அவர்களுக்கு ஒரு டைம்அவுட் ஆகிவிடுவோம்.

8. நம்ம ஊர்த் தரவோடு சோதியுங்கள்

பணம். பல கேட்வேகள் தொகையைப் பைசாவில் கேட்கும். 900 என்று அனுப்பினால் 9 ரூபாய். ஜாவாஸ்கிரிப்டில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் 1999 வராது, 1998.9999999999998 வரும், பின்னத்தை வெட்டினால் ஒரு பைசா போகும். தொகையை முதலிலிருந்தே பைசா முழு எண்ணாக வையுங்கள்.

நேரம். பெரும்பாலான ஏபிஐகள் உலகப் பொது நேரமான யூடிசியில் பேசும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விடியற்காலை ரயிலில் இறங்கி, 12-ஆம் தேதி 4:10-க்குப் பணம் கட்டினால் அங்கே 11-ஆம் தேதி இரவு 10:40. பகலில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. சோதனை நேரத்தை நள்ளிரவுக்கும் 5:30-க்கும் நடுவில் நிறுத்தி, தேதிவாரிக் கணக்கு எந்த நாளில் விழுகிறது என்று பாருங்கள்.

போன் நம்பர். 6 முதல் 9-க்குள் தொடங்கும் 10 இலக்கம் என்ற நம் வழக்கமான சரிபார்ப்பு வங்கதேச எண்ணைத் தள்ளிவிடும். அவர்கள் 0-வில் தொடங்கி 11 இலக்கமாக எழுதுவார்கள், 880 போட்டால் அந்த 0 போய்விடும்.

எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. கண்ணால் எண்ணாதீர்கள்: 'வேலூர்' நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. 'காட்பாடி' எட்டு. இரண்டு வரி தமிழ்ச் செய்தி மூன்று துண்டாகி, காசும் மும்மடங்கு ஆகும். வார்ப்பில் ஒரு இடைவெளி மாறினாலும் டிஎல்டி சல்லடையில் செய்தி விழுந்துவிடலாம், ஆனால் எஸ்எம்எஸ் ஏபிஐ உங்களுக்கு 200 சொல்லியிருக்கும். அது 'வாங்கிக்கொண்டேன்' என்பது மட்டும். போய்ச் சேர்ந்ததா என்பது டெலிவரி ரிப்போர்ட்டில். சோதனை அதைப் பார்க்க வேண்டும்.

முகவரி. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் இரண்டும் 2019-இல் தனி மாவட்டங்கள் ஆகின. செருப்பு விற்கும் ஒரு தளத்துக்கு நாங்கள் இணைத்த முகவரிச் சேவை, ஆம்பூர் 635802-க்கு இன்னும் வேலூர் என்றே சொன்னது. எங்கள் பட்டியலில் ஆம்பூர் திருப்பத்தூரின் கீழ் இருந்ததால் மாவட்டக் கட்டம் காலியாக வந்து, ஆர்டரே நகரவில்லை. ஆம்பூர், அரக்கோணம், குடியாத்தம் மூன்றையும் வைத்துப் பாருங்கள். குடியாத்தம் மட்டும்தான் இன்னும் வேலூர்.

9. இப்போது சாண்ட்பாக்ஸ்

புக்கிங் தொடங்கி எஸ்எம்எஸ் வரை முழு ஓட்டத்தையும் நிஜ சாண்ட்பாக்ஸில் ஓட்டுங்கள். வெற்றிக்கும் தோல்விக்கும் தனித்தனி சோதனைக் கார்டும் யூபிஐ முகவரியும் கொடுத்திருப்பார்கள். தோல்விக்கானதை விடாதீர்கள். இந்த ஓட்டத்தை இரவில் ஒருமுறை தானாக ஓடும்படி வைத்தால், எதிர்ப்பக்கம் பதிலின் வடிவத்தை மாற்றிய மறுநாள் காலையே தெரிந்துவிடும்.

10. லைவில் ஒரு ரூபாய்

லைவ் சாவிக்கு மாறியதும் உங்கள் சொந்த போனில் இருந்து ஒரு ரூபாய் கட்டுங்கள், அப்புறம் அதை ரீஃபண்ட் செய்யுங்கள். சாவி மாறினால் வெப்ஹூக் முகவரியும் அதன் ரகசியமும் லைவுக்குத் தனியாகப் பதிய வேண்டும். பணம் வாங்குவது மட்டும் வேலை செய்து வெப்ஹூக் வராமல் போவதற்கு நான் பார்த்தவரை இதுதான் காரணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதைச் செய்யாதீர்கள்.

11. தினமும் காலையில் ஒப்பிடுவது

கேட்வேயின் முந்தைய நாள் பட்டியலையும் நம் டேட்டாபேஸையும் ஒப்பிடும் ஒரு சின்ன வேலையைக் காலை 6 மணிக்கு ஓட்டுங்கள். அங்கே இருந்து இங்கே இல்லாதது, இங்கே இருந்து அங்கே இல்லாதது, தொகை மாறியது, இன்னும் 'தெரியவில்லை'யில் நிற்பது, இந்த நான்கையும் மெயிலில் அனுப்பட்டும். ஒன்றுமே இல்லாத நாளிலும் '0' என்று அனுப்பச் சொல்லுங்கள். மெயிலே வராத காலையில், கணக்கு சரியாக இருக்கிறதா, இல்லை அந்த வேலையே ஓடவில்லையா என்று உங்களுக்குத் தெரியாது.